இணையமும் லயன் அறையும்

கல்வி மாணவனைத் தேடிச் செல்லவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழிக் கல்வி அவ்வாறே புறப்பட்டது. ஆயின் கொழும்பு-கண்டிப் பெருவீதி வழியே வரக்காப்பொல வரை வந்த அது, இறப்பர்த் தோட்டப் பாதையில் தயங்கி நின்றதையே நான் கண்டேன்.

கல்வியமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழிலும் பாடங்கள் உள்ளன. லயன் அறையிலோ கைத்தொலைபேசி ஒன்று; அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும்; பிள்ளைகள் மூவர். இவர்களுள் எவர் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாவது?

இணையத்தைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. தோட்டந்தோறும் இணைப்புடன் ஒரு வாசிப்பறையும், மாலையில் ஓர் ஆசிரியரும், அச்சிட்ட பாடத்தாள்களும் வேண்டும். முதற்கதவே இல்லாதவனுக்கு இரண்டாங்கதவைக் காட்டிவிட்டு, அவன் நுழையவில்லையென்று குறைகூறுதல் நீதியன்று.