மைக் கடைக்குப் போனா வாயைத் திறந்து பேசுங்க பாஸ்!

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான். திருச்சியில பி.காம். மூணாவது வருஷம். "அண்ணே, கையில பன்னெண்டாயிரம் இருக்கு. வாய்ஸ் ஓவர் பண்ண எந்த மைக் வாங்கலாம்? ஒரு ஆடியோ புக் கம்பெனி சாம்பிள் கேட்டிருக்கு. இருபது நாள்தான் டைம்"னான். குரல் சும்மா அள்ளுது. 'அண்ணே'ன்னு அவன் சொன்னதையே ரிங்டோனா வெச்சுக்கலாம்!

பன்னெண்டாயிரம் எப்படி வந்துச்சுனு கேட்டேன். முகூர்த்த நாள்ல கேட்டரிங் வேலைக்குப் போறானாம். பந்தியில சாம்பார் வாளி தூக்கி, நைட்டு பாத்திரம் ஏத்தி, ரெண்டு வருஷமா சேர்த்த காசு. வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குப் போயிடும்.

இப்படிப்பட்ட காசை வெச்சுக்கிட்டு 'எந்த மைக்'னு கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும். ஏன்னா, நான் பட்டவன்.

2011-ல நானும் என் ரூம்மேட்டும் ஆளுக்குப் பாதி போட்டு ஆறாயிரத்து ஐந்நூறு தேத்தினோம். அவனுக்குத்தான் குரல், நான் மேனேஜர். (எல்லா கேங்லயும் இப்படி ஒரு வெட்டி மேனேஜர் இருப்பான்ல, அது நான்.) ஒரு டாக்குமென்டரிக்குத் தமிழ்ல குரல் கொடுக்க திங்கக்கிழமை சாம்பிள் அனுப்பணும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடைக்குப் போய், தங்கக் கலர்ல தகதகன்னு இருந்த கண்டென்சர் மைக்கைக் கை காட்டினோம். "டெஸ்ட் பண்ணலாமா?"னு கேட்டதுக்கு, "சீல் உடைச்சா எடுத்துக்கணும் தம்பி"ன்னாங்க. எடுத்துட்டோம். பில்? "பில்லுன்னா ரேட் ஏறும்"னாங்க. வேண்டாம்னுட்டோம். அவ்ளோ புத்திசாலிங்க!

ரூமுக்கு வந்து லேப்டாப்ல சொருகினா, 'ஷ்ஷ்ஷ்'னு குக்கர் சத்தம். அதுக்கு அடியில எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து நண்பன் பேசுறான். திங்கக்கிழமை காலையில கடையில போய் நின்னா, "இதுக்கு 48 வோல்ட் பவர் வேணுமே. அந்த பாக்ஸ் தனி, நாலாயிரம்"னு கூலா சொன்னாங்க. நாலாயிரத்துக்கு எங்கே போக? பணம் திரும்பலை. சாம்பிள் போகலை. நண்பன் இன்னிக்கு ஒரு பேங்க்ல லோன் செக்ஷன்ல இருக்கான். அதே குரல்லதான் "உங்க லோன் சாங்ஷன் ஆகலை சார்"னு சொல்றான். கேக்கவே ஆசையா இருக்கும்.

சரி, ஃப்ளாஷ்பேக் ஓவர். மேட்டருக்கு வருவோம்.

அந்த 48 வோல்ட்டுக்குப் பேரு ஃபேன்டம் பவர். கண்டென்சர் மைக் அது இல்லாம ஒழுங்கா வேலை செய்யாது. லேப்டாப்போட மைக் ஓட்டையில வர்றது சில வோல்ட்தான். அதனால நடுவுல ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு சின்னப் பெட்டி வேணும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. ஆனா அது கொடுக்கிற சிக்னல் ரொம்ப சன்னம், தூக்கிவிட அதுக்கும் நல்ல பெட்டி வேணும். ஆக, மைக், பெட்டி, ஒயர், ஹெட்போன் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, மாட்டிக் காட்டி, பேச விட்டு, அப்புறம் காசு வாங்குற கடை எதுவோ, அதுதான் உங்க கடை. மாடல் பேரெல்லாம் அதுக்கப்புறம்.

சென்னைக்காரங்க உடனே "ரிச்சி ஸ்ட்ரீட்!"னு கத்துவீங்க. கத்துங்க, தப்பில்லை. அண்ணா சாலைக்குப் பக்கத்துல அந்தக் குறுகலான தெருவுல கிடைக்காத ஒயரே கிடையாது. எக்ஸ்.எல்.ஆர். கேபிள், கன்வெர்ட்டர், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் இதுக்கெல்லாம் நானும் அங்கேதான் போறேன். கேபிள் வாங்கினா முனையைத் திருகிக் கழற்றி, உள்ளே பத்து வெச்சது சுத்தமா இருக்கானு பாருங்க. கடைக்காரர் முறைச்சா அடுத்த கடை. ஆனா மைக்கும் இன்டர்ஃபேஸும் வேற விஷயம். அதுக்கு இசைக் கருவி கடை இல்லேன்னா ஸ்டுடியோக்களுக்குச் சப்ளை பண்ற புரொஃபஷனல் ஆடியோ கடைதான் என் ஓட்டு. அண்ணா சாலையிலயே 1842-லேர்ந்து இருக்கிற மியூசி மியூஸிக்கல் மாதிரி பழைய கடைகள்ல வயலினை வாசிச்சுப் பார்த்துதானே வாங்குறாங்க? வாசிக்காம யாராவது வீணை வாங்குவாங்களா? மைக்கும் ஒரு வாத்தியம்தான். வாசிக்கிறது உங்க தொண்டை.

கடையில என்ன பண்ணணும்? வீட்டுலேர்ந்து உங்க ஹெட்போனையும் ஒரு பென் டிரைவையும் கொண்டு போங்க. கூடவே நீங்களே எழுதின அரைப் பக்க ஸ்கிரிப்ட். அதுல 'ப' நிறைய இருக்கட்டும், 'ஸ', 'ச' நிறைய இருக்கட்டும். "பாப்பா பட்டம் பறக்க விட்டா", "சிவகாசி பஸ் ஸ்டாண்டு" டைப்ல. 'ப' வரும்போது மைக் டொப்பு டொப்புனு அடிக்குதா, 'ஸ்' வரும்போது காதுல ஊசி குத்துதானு கேளுங்க. அப்புறம் பத்து செகண்ட் வாயை மூடிக்கிட்டு வெறும் அமைதியை ரெக்கார்ட் பண்ணுங்க. கடையில ஏசி, ஃபேன், டீ கிளாஸ் சத்தம் எல்லாம் இருக்கும், அதனால அங்கேயே தீர்ப்பு சொல்லாதீங்க. ரெண்டு மூணு மைக்ல ஒரே ஸ்கிரிப்ட்டைப் பேசி, பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு வெளியே வந்து, ஒரு டீ குடிச்சுட்டு நிதானமா கேளுங்க. கூச்சப்படாதீங்க பாஸ். நாலு பேர் முன்னாடி பேசக் கூச்சம்னா, நாளைக்கு டைரக்டர் முன்னாடி எப்படி பேசுவீங்க?

அடுத்து, டுப்ளிகேட். ஷூர் எஸ்.எம்.58-னு ஒரு மைக். 1966-ல வந்தது. நீங்க பார்த்த பாதி மேடைக் கச்சேரியில அந்த உருண்டைத் தலைதான் நின்னிருக்கும். ரொம்ப ஃபேமஸ், அதனால போலியும் ரொம்ப ஜாஸ்தி. பாக்ஸ், பை, ஸ்டிக்கர்னு அப்படியே அச்சடிச்ச மாதிரி பண்றாங்க. ஒரிஜினல் எடை 298 கிராம். கையில தூக்கினதும் வெயிட்டா இல்லேன்னா சந்தேகப்படுங்க. வெயிட்டா இருந்தாலும் நம்பிடாதீங்க, கில்லாடிங்க உள்ளே இரும்புத் துண்டு வெச்சிடுவாங்க. கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கிறதைவிட சுலபமான வழி, அந்த கம்பெனியோட அதிகாரபூர்வ டீலர் லிஸ்ட்ல கடை பேர் இருக்கானு பார்க்கிறது. மார்க்கெட் ரேட்டுல கால்வாசிக்கு ஒருத்தர் கொடுக்கிறார்னா, அவர் உங்க பெரியப்பாவா இருந்தாலும் யோசிங்க.

வெளியூர் பசங்களுக்கு ஆன்லைன்தான் கதி, புரியுது. ரேட்டும் பல சமயம் அங்கே கம்மி. ஆனா அங்கே 'கடை'ங்கிறது அந்தப் பெரிய பேர் இல்லை. பொடி எழுத்துல 'விற்பவர்'னு ஒரு பேர் இருக்கும் பாருங்க, அதுதான் கடை. ஒரே மைக்கை அஞ்சு பேர் விப்பாங்க. விற்பவரோட பேர், முகவரி, ரிட்டர்ன், வாரன்டி விவரத்தையெல்லாம் அந்தத் தளங்கள் காட்டியே ஆகணும்னு 2020-ல வந்த இ-காமர்ஸ் விதிகள் சொல்லுது. அதைப் படிங்க. 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்'னு போட்டிருந்தா, குரலுக்கு ஒத்து வரலைங்கிறதுக்காகப் பணம் திரும்பாதுனு அர்த்தம். பார்சலைப் பிரிக்கும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ஹாஸ்டல்ல அதுக்கா ஆள் இல்லை!

"எங்க மாமா அமெரிக்காவுலேர்ந்து வர்றார்ணா" கேஸுங்களுக்கு ஒரு வார்த்தை. பல கம்பெனிகள்ல வாரன்டி வாங்கின நாட்டோட சரி. மைக் மக்கர் பண்ணினா மாமாவோட அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கணும்.

செகண்ட் ஹேண்டு? எனக்குப் பிடிச்ச ஏரியா. டைனமிக் மைக் இரும்புக் குட்டி மாதிரி, பத்து வருஷம் ஓடினதுகூட ஓடும். கண்டென்சர் அப்படி இல்லை. உள்ளே இருக்கிற மெல்லிசு தகட்டுக்கு ஈரம் ஆகாது. கடல் காத்து அடிக்கிற ஊர்ல நாலு வருஷம் திறந்து கிடந்த மைக், மழைக்காலத்துல பொரி பொரிக்கிற மாதிரி சத்தம் போடும். விக்கிறவர் வீட்டுக்கே போய், பத்து நிமிஷம் ஆன் பண்ணி வெச்சுக் கேட்டுட்டு வாங்குங்க. நீங்க புதுசு வாங்கினாலும் மூடி போட்ட டப்பாவுல, ஷூ பெட்டியில வர்ற அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வெச்சிடுங்க.

இப்போ பில் மேட்டர். இதுதான் நாங்க கோட்டை விட்டது. மைக்குக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. பில் இல்லாம வாங்கினா அது மிச்சம்னு தோணும். ஆனா பில் இல்லேன்னா வாரன்டியும் இல்லை, கேக்க நாதியும் இல்லை. 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது'னு கல்லாவுக்கு மேல போர்டு இருக்கும்ல, அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கிறதும் பில் கொடுக்காம இருக்கிறதும் முறையற்ற வணிகம். பில்லுல நாள் போட்டிருந்தா அதுக்குள்ள, போடலைனா 30 நாளைக்குள்ள கேக்கலாம். பிரச்னைன்னா 1915-க்கு போன் போடுங்க. அதுக்கும் மசியலைனா உங்க மாவட்ட கமிஷன்லயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊர்ல இருந்தாலும். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. "சம்பாதிக்கத்தானே வாங்கினே, நீ நுகர்வோர் இல்லை"னு மடக்கினாலும் அசராதீங்க. சொந்தமா உழைச்சுப் பிழைக்க வாங்குறவங்களையும் அந்தச் சட்டம் நுகர்வோர்னுதான் சொல்லுது. ஆனா 'குறைபாடு'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. எங்க மைக்ல குறையே இல்லை. 48 வோல்ட் பெட்டி எங்ககிட்ட இல்லைங்கிறதுதான் குறை. அதுக்கு எந்தச் சட்டமும் காசைத் திருப்பித் தராது. அதனாலதான் சொல்றேன், சீலை உடைச்சுக் காட்டாத கடையில முழு செட்டும் வாங்காதீங்கனு.

இதுக்கெல்லாம் முன்னாடி ஓசியில ஒரு டெஸ்ட் இருக்கு. உங்க ரூம்ல ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு, செல்போன்ல ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் அதையே துணி தொங்குற பீரோவுக்குள்ள தலையை விட்டுப் பேசிப் பாருங்க. வித்தியாசம் தெரியும். செவுரு எதிரொலிக்கிற ரூம்ல நல்ல மைக் வாங்கி வெச்சா, அந்த எதிரொலியைத்தான் துல்லியமா பிடிக்கும். ஃபேன் ஓடுற ரூம்னா ஃபேனுக்குத்தான் வாய்ஸ் ஓவர் சான்ஸ்! ஆடியோ புக் உலகத்துல ஏ.சி.எக்ஸ்.னு ஒரு தளம், அமைதியா இருக்கும்போது வர்ற இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்கணும்னு கேக்குது. இலவசமா கிடைக்கிற ஆடாசிட்டி சாஃப்ட்வேர்லயே அதை அளந்து பார்க்கலாம். ரஜாய் ரெண்டு, கம்பளி ஒண்ணு தொங்கவிட்டு அந்த நம்பரைக் குறைச்சுட்டு, அப்புறம் கடைக்குக் கிளம்புங்க. எதிரொலி அடங்காத ரூம்னா டைனமிக் பக்கம் சாயுங்க. வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பேசறதால சுத்துப்பட்டு சத்தம் கம்மியா ஏறும்.

திருச்சி தம்பிக்கு இவ்வளவும் போன்லயே சொல்லிட்டேன். போன சனிக்கிழமை பல்லவன் ஏறி எழும்பூர் வந்தான். சாப்பாடு வாங்கிக் கொடுத்துட்டு ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு மைக்ல பேசினான். முதல் ரெண்டு வரி நடுங்குச்சு, மூணாவதுல கடைப் பையனே வேலையை விட்டுட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டான். இருக்கிறதுலயே காஸ்ட்லியான மைக்ல தம்பியோட 'ஸ்' எல்லாம் பாம்பு மாதிரி சீறுது. நடுவுல இருந்த டைனமிக்ல கும்முனு உட்காருது. அது, ஒரு குட்டி இன்டர்ஃபேஸ், கேபிள் எல்லாம் சேர்த்து, பில்லோட பதினோராயிரத்து நானூறு. மீதி அறுநூறு ரூபாயை எடுத்து எண்ணிட்டு, "அண்ணே, ரஜாய் என்ன விலை இருக்கும்?"னான். எங்க வீட்டுப் பழைய ரஜாயைச் சுருட்டி அவன் கையில கொடுத்து ரயில் ஏத்தி விட்டேன்.

நேத்து போன் பண்ணினான். வீட்டுல விஷயம் தெரிஞ்சு போச்சாம். அப்பா ரெண்டு நாள் பேசலையாம். மூணாவது நாள் ராத்திரி ரெக்கார்டிங் நடக்கும்போது, அவரே எழுந்து போய் ஹால் ஃபேனை நிறுத்தினாராம். சாம்பிள் அனுப்பிட்டான். பதில் இன்னும் வரலை.