எண்ணைக் கையால் போடாதீர்கள்



உங்களில் சிலர் வக்கீல்கள். சிலர் வக்கீல் ஆபீசிலும் பத்திரம் எழுதும் இடங்களிலும் டைப் செய்கிறீர்கள். மற்றவர்களும் என்றாவது ஒருநாள் ஏதாவது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் போகிறீர்கள். எனவே இது எல்லோருக்கும்.

சென்ற மாதம் உறவில் ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினைப் பத்திர வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "வீட்டை விற்க நேர்ந்தால் 7-வது ஷரத்துக்கு உட்பட்டே விற்க வேண்டும்" என்று ஓரிடத்தில் இருந்தது. 7-வது ஷரத்தைப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி! தாயார் ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கலாம் என்பது 8-ல் இருந்தது. நடுவில் ஒரு ஷரத்தைப் புதிதாகச் சேர்த்து, தலைப்பு எண்களைத் திருத்தியவர்கள், உள்ளே இருந்த 7-ஐத் திருத்தவில்லை. பொருளடக்கத்திலும் பழைய எண்தான். அப்படியே பதிவாகியிருந்தால் அந்த அம்மாளின் பாதுகாப்பு ஒரு வழக்காகியிருக்கும்.

டைப் செய்தவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். "ஃபார்மட் பண்ணுவது டைப்பிஸ்ட் வேலை, சட்டம் பார்ப்பதுதான் என் வேலை" என்று சொல்லும் வக்கீல்களிடம்தான் எனக்கு வருத்தம். பத்திரத்தில் எண்ணும் சட்டம்தான்.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது வெறும் தடித்த எழுத்து. ஹோம் பகுதியில் உள்ள ஸ்டைல்ஸில் முக்கியத் தலைப்புக்கு ஹெட்டிங் 1, உட்தலைப்புக்கு ஹெட்டிங் 2 என்று கொடுங்கள். எண்களை மல்டிலெவல் லிஸ்ட் போடட்டும். ரெஃபரன்சஸ் பகுதியில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸை அழுத்தினால் பொருளடக்கம் பக்க எண்ணோடு வந்துவிடும். புள்ளி புள்ளியாகத் தட்ட வேண்டாம். முக்கியமாக, "7-வது ஷரத்து" என்று எழுதும் இடத்தில் 7 என்று அடிக்காமல், அதே பகுதியில் உள்ள கிராஸ் ரெஃபரன்ஸ் மூலம் செருகுங்கள். ஷரத்து நகர்ந்தால் எண்ணும் கூடவே மாறும்.

ஆனால் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பிரின்ட் எடுக்கும் முன் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9 அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஏதாவது ஷரத்தை நீக்கியிருந்தால், அதைச் சுட்டிய இடத்தில் "எரர்" என்று தடித்த எழுத்தில் வரும். அதைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம். கையால் போட்ட தப்பான 7 வாய் திறக்காது. இது கூப்பிட்டுச் சொல்கிறது.

இன்னொன்று. எண் நகரலாம் என்பது வரைவுக்கு மட்டும்தான். கையெழுத்தான பிறகு அது நிலையான விலாசம். 2002-ல் 86-வது திருத்தத்தின்படி கல்வி உரிமையை நம் அரசியலமைப்பில் சேர்த்தபோது, 21-க்கு அடுத்து 21-ஏ என்றுதான் வைத்தார்கள். 22-ஐ 23 ஆக்கவில்லை. ஆக்கியிருந்தால் அதுவரை வந்த தீர்ப்புகளில் எல்லாம் விலாசம் தப்பிப் போயிருக்கும். ஆகவே முடிவான பிரதியை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றம் வந்தால் தனிப் பத்திரமாக எழுதுங்கள்.

இதையெல்லாம் பழக ஒரு மாலைப் பொழுது போதும். வக்கீலாக இருக்கும் பிள்ளைகள் உங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழகுங்கள். கையெழுத்துப் போடப் போகும் மற்றவர்கள், "ஷரத்தில் கண்டபடி" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்த ஷரத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.