கூட்டம் கூடினால் பட்டயம் ஆகிவிடுமா?

"ஏற்கெனவே எத்தனை குடும்பம் வாங்கியிருக்காங்க தெரியுமா சார்? அத்தனை பேரும் விவரம் தெரியாதவங்களா?" நிலம் விற்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் இந்த இடத்தில் கொண்டுவந்துதான் பேச்சை முடிக்கிறார்கள். அதற்கு மேல் நமக்கும் வாய் எழுவதில்லை. டாக்டர் வாங்கியிருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வாங்கியிருக்கிறார், துபாயில் இருக்கும் நம்மூர்ப் பையன் பக்கத்து மனையையும் சேர்த்தே வாங்கியிருக்கிறான். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் வில்லங்கம் இருக்குமா என்று கேட்பவருக்கே தோன்றிவிடுகிறது.

இருக்கும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக ஓரத்தில் நிறையவே இருக்கும். வாங்கியவர்களின் எண்ணிக்கைதான் நிலத்தின் யோக்கியதைக்குச் சான்று என்ற நம்பிக்கை, அடங்கலும் ஆதாரமும் பார்த்து நிலம் வாங்கிய ஒரு தலைமுறையின் பிள்ளைகளைக் கைதட்டல் பார்த்து வாங்குகிறவர்களாக ஆக்கிவிட்டது.

விடுமுறை நாளில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் போனால் இந்தக் கூட்டத்தை நேரில் பார்க்கலாம். மதுரை, திண்டுக்கல் பதிவெண் வேன்கள். இறங்கியதும் கம்பெனி பெயர் போட்ட தொப்பி, ஏலக்காய் டீ. சரிவை வெட்டிப் போட்ட மண்பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். பந்தியில் பிரியாணி முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடிப்பார். யார் யார் டோக்கன் போட்டார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். சால்வை உண்டு, போட்டோ உண்டு. வேன் மலை இறங்குவதற்குள் படம் குழுவில் ஏறிவிடும்: "நம்ம குடும்பத்துக்கு வருக!" பந்தியில் யாராவது ஒரு பெரியவர், "மூலப்பத்திரம் பார்க்கலாமா தம்பி" என்று கேட்பதும் உண்டு. "லீகல் எல்லாம் கிளியர் அங்கிள், குரூப்ல பி.டி.எஃப். போட்டிருக்கோம்" என்று பதில் வரும். கம்பெனியே காசு கொடுத்து வாங்கிய வக்கீல் கருத்துரைதான் அந்த பி.டி.எஃப். அதே கேள்வியைப் பெரியவர் இரண்டாம் தடவை குழுவில் கேட்டால், மறுநாள் முதல் குழுவில் அட்மின் மட்டும்தான் பேசலாம். இந்தப் பயணங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அமைவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: வில்லேஜ் ஆபீஸும் சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகமும் அன்று பூட்டிக் கிடக்கும்.

இந்தக் கூத்து புதிதல்ல. 1990களில் சென்னையை மையமாக வைத்து நடந்த அனுபவ் பிளாண்டேஷன்ஸ், தேக்கு மரங்களை யூனிட் கணக்கில் விற்றது. நடுத்தரக் குடும்பங்கள் வரிசையில் நின்று வாங்கின. 1998-ல் எல்லாம் சரிந்தது. மறு ஆண்டே பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. விதி வந்து என்ன? ஊருக்கு ஊர் ஏஜென்ட் போட்டு, நிலம் தருகிறோம் என்று தவணை தவணையாக வசூலித்த பி.ஏ.சி.எல். நிறுவனத்தை 2014 ஆகஸ்டில் செபி நிறுத்தியபோது, அதில் பணம் போட்டிருந்தவர்கள் 5.85 கோடிப் பேர். திரட்டிய தொகை ஏறத்தாழ 49,100 கோடி ரூபாய். கூட்டம்தான் சான்று என்றால் உலகத்திலேயே பத்திரமான நிலம் பி.ஏ.சி.எல். நிலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் உச்ச நீதிமன்றம் கமிட்டி போட்டது. ஆண்டுகள் பல ஓடியும் முழுப் பணத்தையும் கண்ணால் பார்க்காதவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏஜென்ட்டை நம்பிப் போடவில்லை. சித்தப்பா போட்டார், பக்கத்து வீட்டு அக்கா போட்டார் என்பதற்காகவே போட்டார்கள். அந்த அக்காவும் சித்தப்பாவும் யாரைப் பார்த்துப் போட்டார்கள் என்று கேட்டால் கதை வட்டமடிக்கும்.

அது ஊழல் கம்பெனி, எங்களுடையது நேர்மையான கம்பெனி என்பார்கள். நேர்மையாகவே இருக்கட்டும். கேரள மலையில் விற்பவரின் நேர்மை மட்டும் போதாது, நிலத்தின் பூர்வீகமும் சரியாக இருக்க வேண்டும். மூணாறு பக்கம் "ரவீந்திரன் பட்டயம்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1999-ல் தேவிகுளத்தில் பொறுப்பு தாசில்தாராக இருந்த ஒருவர் தமக்கில்லாத அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 530 பட்டயங்கள், அதாவது அரசு தரும் நில உரிமை ஆவணங்கள், அவை. அவற்றின் மேல் வீடுகள் வந்தன, ஓட்டல்கள் வந்தன, ஆட்சியில் இருந்த கட்சிகளின் அலுவலகங்களே வந்தன. அரசாங்கத்தையே கையில் வைத்திருந்த கட்சிகளைவிடப் பெரிய கூட்டம் எந்த ரியல் எஸ்டேட் கம்பெனியிடம் இருக்கிறது? ஆனாலும் 2022 ஜனவரியில் அந்த 530-ஐயும் ரத்து செய்ய நடவடிக்கை எடுக்கும்படி அரசே உத்தரவு போட வேண்டியிருந்தது. அதற்கு முன் 2007-ல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள் ஜே.சி.பி.யோடு மூணாறில் இறங்கினார்கள். கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பில் அந்த வேலை பாதியில் நின்றது வேறு விஷயம். இடிபட்ட ரிசார்ட்டில் பணம் போட்டவருக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

மலை வேண்டாம், நகரத்துக்கே வாருங்கள். கொச்சி மரடில் நான்கு அடுக்ககங்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். குடியிருப்போர் சங்கம் இருந்தது, மின் இணைப்பு இருந்தது, வரி ரசீது இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிய கட்டடங்கள் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒன்றாகக் குடியிருந்து, ஒன்றாகப் போராடி, ஒன்றாக அழுதவர்கள் அவர்கள். குழுவாக இருந்தும் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

இனி எல்லைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் பத்திரப்பதிவு முடிந்தால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார். கேரளத்தில் 1963-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி ஐந்து பேர் வரை உள்ள ஒரு குடும்பம் அதிகபட்சம் 15 ஏக்கர்தான் வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஏலமும் தேயிலையும் காப்பியும் எப்படி நிற்கின்றன? 81-வது பிரிவு தோட்டங்களுக்கு விலக்குத் தந்திருப்பதால். அந்த விலக்கு தோட்டம் தோட்டமாக இருக்கும் வரைக்கும்தான். எஸ்டேட்டைத் துண்டு போட்டு வில்லாவுக்கும் ரிசார்ட்டுக்கும் திருப்பினால் விலக்கு போகும், உச்சவரம்புக் கணக்கு திரும்ப உயிர் பெறும், தாலுகா நில வாரியம் மிச்ச நிலம் என்று கை வைக்கலாம். "ஃபார்ம்லேண்ட் கம்யூனிட்டி" என்று சொல்லி விற்கும் வெள்ளைக் கல் துண்டுகளில் எத்தனை இப்படி ஒரு பழைய எஸ்டேட்டின் வயிற்றில் இருந்து வெட்டியவை என்று எந்த மைக்காரரும் சொல்வதில்லை.

ஏலமலைக் காடுகளின் கதை இன்னும் மோசம். அந்த நிலம் வனமா, வருவாய் நிலமா என்பதே வழக்கில் இருக்கிறது. 2024 அக்டோபரில் அங்கே புதிய பட்டயம் எதுவும் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சின்னக்கானல், பள்ளிவாசல், கண்ணன் தேவன் மலை போன்ற கிராமங்களில் கட்டடம் எழுப்ப வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 1964-ம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளில் கொடுத்த பட்டயம் என்றால் அது விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்தது. பாலக்காட்டுப் பக்கம் இறங்கினால் 2008-ம் ஆண்டு நெல்வயல் சட்டம் காத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி தயாரித்த நிலப் பட்டியலான டேட்டா பேங்கில் வயல் என்று பதிவாகியிருந்தால், கண்ணுக்குத் தென்னந்தோப்பாகத் தெரிந்தாலும் அது வயல்தான்.

ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் நுழைந்தால் கேள்வி சட்டத்தோடு நிற்பதில்லை. 1951-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்று அவர்கள் பாதிகூட இல்லை. அவர்கள் எங்கும் போகவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், நிலம் கைமாறியது. கைமாறிய நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-ல் கேரள சட்டசபை ஒரு சட்டம் போட்டது. அதற்கு விதிகள் வகுக்கவே 1986 வரை ஆனது. பிறகு நீதிமன்றம் நெருக்க, அரசு 1999-ல் வேறொரு சட்டம் போட்டு 1975-ம் ஆண்டுச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. அந்த 1999 சட்டத்திலும் ஆதிவாசியின் நிலத்தை வேறொருவர் வாங்க உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 2010-ல் காற்றாலைகளுக்குப் போன நிலங்களில் போலி ஆவணங்கள் இருப்பதாக எழுந்த புகார் கேரள அரசியலையே ஆட்டியது. இந்த நிலத்தில் "இயற்கையோடு இயைந்த சமூகம்" அமைக்கப் போகிறோம் என்று கோவையிலிருந்து ஒரு கம்பெனி கிளம்பினால், அங்கே ஏற்கெனவே இருந்த சமூகம் என்ன ஆயிற்று என்று முதலில் கேட்க வேண்டும். அட்டப்பாடியில் ஆதிவாசிகள் வாழும் ஊரை ஊர் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மூப்பன் உண்டு, குலதெய்வம் உண்டு, பத்திரம்தான் இல்லை. கம்பெனிக் குடும்பத்தில் எல்லோருக்கும் பத்திரம் உண்டு, ஊர்தான் இல்லை.

இடுக்கிக்குத் திரும்பினால், சின்னக்கானலில் 301 காலனி என்று ஓர் இடம் இருக்கிறது. இருபதாண்டுகளுக்கு முன் அரசாங்கம் 301 ஆதிவாசிக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். யானை நடக்கும் தடம். பெரும்பாலான குடும்பங்கள் தாங்க முடியாமல் வெளியேறிவிட்டன. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது அந்தப் பகுதியில்தான். அடுத்த மாதமே அது கம்பம் தெருவில் நடந்து வந்ததை நாம் டி.வி.யில் பார்த்தோம். இடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரசாங்கம் கூட்டிவைத்த சமூகமே நிற்பதில்லை.

உண்மையான சமூகம் இதே மலையில் இருக்கிறது, எந்த பிரோஷரிலும் வராது. நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் லயங்கள் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. வேலையில் இருக்கும் வரை கூரை உண்டு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஒரு சென்ட் சொந்தமில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் வீடு கிடைத்தது. வாரக் கடைசிக்கு வந்துபோகிறவருக்கு மலையில் மனை கிடைக்கிறது, மலையையே உருவாக்கியவருக்கு மண்ணுக்குள் போன பிறகுதான் அவர் வீட்டாருக்கு ஐந்து சென்ட் கிடைக்கிறது. இந்த அநியாயத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "நம்ம கம்யூனிட்டி" என்று செல்ஃபி எடுக்க மனசு வர வேண்டும்.

அந்த லயங்களிலிருந்து 2015 செப்டம்பரில் ஒரு கூட்டம் கிளம்பியது. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்பது அவர்கள் இயக்கத்தின் பெயர். ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கம்பெனி அவர்களைச் சேர்க்கவில்லை. கம்பெனியிடம் கேள்வி கேட்பதற்காகச் சேர்ந்தார்கள். விற்பவரே அட்மினாக இருக்கும் குழுவுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். ஒருவர் கேள்வி கேட்டால் மற்றவர்கள் பக்கத்தில் வந்து நின்றால் அது சமூகம். கேட்டவரை நீக்கிவிட்டு மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் அது கம்பெனியின் விளம்பரப் பிரிவு, சம்பளம் மட்டும் கிடையாது.

சேர்ந்திருப்பதில் பலமே இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் எட்டுக்கு மேல் மனை போட்டு விற்பவர் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கியவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலான மனைகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் வாங்கியவர்களின் சங்கம் அமைய வழிசெய்வது விற்பவரின் கடமை. விளம்பரத்தில் சொன்னது பொய்யானால் நஷ்டஈடு கேட்கலாம், சங்கமாகவே புகார் கொடுக்கலாம். இதனால்தானோ என்னவோ, விவசாய நிலம் என்று சொல்லி ரெரா பக்கமே போகாமல் விற்பதும், சங்கத்துக்குப் பதிலாக "குடும்பம்" அமைப்பதும் இத்தனை பிரபலமாக இருக்கின்றன.

ஆகவே டோக்கன் போடுவதற்கு முன் வேலைநாளில் ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் எண்ணை (பதிவேட்டில் நில உரிமையாளரின் கணக்கு எண்) சொல்லிக் கர (நிலவரி) ரசீது யார் பெயரில் இருக்கிறது, எந்தச் சட்டத்தில் கொடுத்த பட்டயம், தோட்ட விலக்கில் உள்ள நிலமா, டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டப்பாடி என்றால் முன்பு ஆதிவாசி கையில் இருந்ததா என்று கேளுங்கள். மலையாளம் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் சித்தூரிலும் தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், கம்பெனி ஆள் ஒருவர்கூட இல்லாத சங்கம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். திட்டம் ரெராவில் பதிவாகியிருக்கிறதா, பதிவாகியிருக்க வேண்டியதா என்று பாருங்கள். கேரள ரெரா திருவனந்தபுரத்தில் இருக்கிறது, ஆன்லைனிலும் புகாரை ஏற்கிறார்கள்.