பக்கம் காக்கும் அணிற்பிள்ளை



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. "குழந்தைகளுக்குப் பயன்படும் சிறிய பின்னல் வேலை ஒன்றை எழுதக் கூடாதா?" என்று சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் சகோதரிகள் சிலர் என்னைக் கேட்டிருந்தார்கள். ஆகவே இம்மாதம் குரோஷா ஊசியால் பின்னக்கூடிய பக்க அடையாளம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்துக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, கீழே வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கங்களுக்கிடையே நீட்டிப் படுத்திருக்கும் அணிற்பிள்ளை அது. வேலை எளியதுதான். ஆனால் அதைப் பின்ன நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்; அதில் என்னுடைய தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. தில்லியில் பிறந்து தில்லியிலேயே வளர்பவள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறாள்; வீட்டில் பேசுவது தமிழ். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது பாட்டி அவளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இங்கே திரும்பி வந்த பிறகு, படித்த இடம் மறக்காதிருக்கப் பக்கத்தின் மூலையை மடித்து வைக்கத் தொடங்கினாள். காகிதத்தை மடித்தால் மடிப்பில் அதன் நார் முறிந்துவிடுகிறது. எவ்வளவு நீவினாலும் கோடு போவதில்லை, நாளடைவில் மூலையே உதிர்ந்துவிடும். ஆகையால் வெள்ளை நூலில் நாடா ஒன்று பின்னி, "இனிமேல் மடிக்காதே, இதை வை" என்று கொடுத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். நானோ இரவில் அவள் உறங்கிய பிறகு புத்தகத்தைத் திறந்து, நாடா எத்தனை பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்க்கலானேன். நாளொன்றுக்கு நான்கு பக்கம், ஐந்து பக்கம் நகர்ந்தது. மறுநாள் காலையில் அவளைப் பாராட்டுவேன். அண்டை வீட்டாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மாலை, "கதையில் இப்போது என்ன நடக்கிறது, கண்ணு?" என்று கேட்டேன். அவள் பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். வற்புறுத்திக் கேட்டபோது, "நாடா நகர்ந்தால்தானே அம்மா உனக்குச் சந்தோஷம்? அதனால் நகர்த்தி வைத்தேன்" என்றாள். பதினோராம் பக்கத்துக்கு மேல் அவள் படிக்கவேயில்லை.

எனக்குக் கோபம் வந்தது. சற்று நேரம் கழித்து வெட்கமும் வந்தது. படித்த இடத்தைக் காட்ட வேண்டிய நாடாவை நான் கணக்குப் பிள்ளையாக்கிவிட்டேன். குழந்தையும் எனக்குப் பொய்க் கணக்கு எழுதிக் காட்டிவிட்டாள். தமிழில் அவளுக்கு இருந்த சிறு ஆசையையும் நானே கெடுத்துவிட்டேனோ என்ற அச்சம் அன்றிரவு முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

மறுநாள் அந்த நாடாவை எடுத்து வைத்துவிட்டு, "நாம் இருவரும் சேர்ந்து வேறொன்று பின்னலாமா? என்ன உருவம் வேண்டும்?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "அணில்" என்றாள். அரிச்சுவடியில் அகரத்துக்குப் பக்கத்தில் அவள் கண்ட முதல் படம் அதுதான்.

உடனே வழக்கு ஒன்று பிறந்தது. முதுகில் கோடுகள் எத்தனை? "மூன்று" என்றேன் நான். "ஐந்து, பூங்காவில் எண்ணியிருக்கிறேன்" என்றாள் அவள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிய பாட்டியிடம் வழக்கைக் கொண்டுபோனோம். "இராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்தார், மூன்றேதான்" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். விசாரித்துப் பார்த்ததில் இரு கட்சியும் மெய் என்று தெரிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரிதும் காணப்படுவது மூவரி அணில். வட இந்தியாவில் பெரிதும் காணப்படுவது ஐவரி அணில். இரண்டும் நெருங்கிய உறவுள்ள, ஆனால் வேறு வேறான இனங்கள். இராமருக்கு உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் நினைத்துப் பாடியிருக்கிறார் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் ஐந்து கோடு போடு, அம்மா. இது தில்லி அணில், ஆனால் தமிழ் படிக்கும்" என்றாள். அவ்வாறே பின்னினோம்.

இனி வேலைக்கு வருவோம். குளிர்காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் வெயிலில் அமர்ந்து கம்பளி நூல் பின்னுவதைப் பார்த்து நமக்கும் அந்நூலை எடுக்கத் தோன்றும். வேண்டாம், கம்பளி தடித்துப் புத்தகத்தின் முதுகை விரியச் செய்யும். மெர்சரைஸ் செய்த பருத்தி நூலே ஏற்றது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தப்படும் நூல் அது. வலிவும் சாயம் பிடிக்கும் தன்மையும் அதற்கு அதிகம். 10-ஆம் எண் நூலில் பழுப்பு நிற உருண்டை ஒன்று, வெள்ளை சிறிது, கண்ணுக்குக் கறுப்பு, மூக்குக்கு இளஞ்சிவப்பு, 1.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று, இவை போதும்.

பின்னல்களின் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது; ஒரே பின்னலை ஆங்கிலேயர் ஒரு பெயராலும் அமெரிக்கர் வேறொரு பெயராலும் வழங்குகிறார்கள். ஆகவே கை செய்வதையே சொல்லிவிடுகிறேன். ஊசியைக் கண்ணுக்குள் விட்டு நூலைப் பற்றி இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலைப் பற்றி இரண்டினூடும் ஒருமிக்க இழுத்து விடுங்கள். இது குட்டைப் பின்னல். முதலிலேயே ஊசியில் ஒரு சுற்று நூலைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்குள் விட்டால் மூன்று வளையங்கள் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாக இரு முறை கழற்றுவது நெட்டைப் பின்னல். இவ்விரண்டும் சங்கிலியும் தெரிந்தால் அணில் தயார்.

உடல்: கோடுகள் நீளவாட்டில் ஓட வேண்டுமாகையால் உடலையும் நீளவாட்டிலேயே பின்ன வேண்டும். பழுப்பு நூலில் சங்கிலி போட்டுப் புத்தகத்தின் உயரத்தோடு வைத்து அளந்துகொள்ளுங்கள். உயரம் சரியானதும் ஒரு சங்கிலி கூடுதலாகப் போடுங்கள். சங்கிலி இறுக்கமாக இருந்தால் உடல் வில்லைப் போல் வளையும். ஆகவே தளர்வாகப் போடுங்கள். ஊசிக்கு அடுத்த கண்ணை விட்டு, இரண்டாவது கண்ணிலிருந்து கண்ணுக்கொரு குட்டைப் பின்னலாக ஒரு வரிசை முடியுங்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசிப் பின்னலிலும், இறுதி இழுப்பை அடுத்த நிறத்து நூலால் இழுத்தால் நிறம் சுத்தமாக மாறும். பிறகு திருப்பி, ஒரு சங்கிலி போட்டு அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். பழுப்பு ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிப் பழுப்பில் முடிக்க வேண்டும். மூவரி அணிலுக்கு மொத்தம் 7 வரிசைகள். ஐவரி அணிலுக்கு 11. ஒவ்வொரு வரிசையிலும் கண்களை எண்ணுங்கள். கடைசிக் கண்ணைத் தவறவிட்டால் அணில் ஒரு பக்கம் மெலிந்துவிடும். நூலை வெட்டும்போது மூன்று அங்குலம் விட்டு வெட்டி, அதே நிறத்துக்குள் ஊசியால் நுழைத்து மறையுங்கள்.

தலை: பழுப்பு நூலில் இரண்டு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணிலேயே 6 குட்டைப் பின்னல் போடுங்கள். அடுத்த சுற்றில் கண்ணுக்கு இரண்டாக 12. மூன்றாம் சுற்றில் ஒரு கண் விட்டு ஒரு கண்ணில் இரண்டிரண்டாக 18. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணுக்கு ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு என 24. வட்டத்தின் மேற்புறத்தில் ஒரே கண்ணில் மூன்று நெட்டைப் பின்னல் போட்டு, அடுத்த கண்ணில் பிணைத்தால் ஒரு காது. நான்கு கண் தள்ளி மற்றொரு காது. கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தையலிடுங்கள். மணியும் பொத்தானும் வேண்டாம். அவை புத்தகத்தை மூட விடா, சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. முடித்த தலையை உடலின் ஒரு முனையில் வைத்துத் தையுங்கள்.

வால்: நான்கு விரல்களில் பழுப்பு நூலை 30 சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் இறுகக் கட்டி, மறுபக்கம் வெட்டினால் குஞ்சம் கிடைக்கும். அதை மறு முனையில் தைத்துச் சீப்பால் வாரிவிட்டால் வால் புசுபுசுவென்று இருக்கும். வாரும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பின்னல் விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுவது நம் வழக்கம். புத்தகத்துக்குள் வைக்கும் பொருளுக்கு அது கூடாது. காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சியின் மாவு மிகவும் விருப்பம். இராமர் தடவிய அணிலே இராமபாணத்தை விருந்துக்கு அழைத்ததாக முடியும்! நனைத்துச் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்து, உலர்ந்த பின் ஈரத்துணி போர்த்தி இஸ்திரி போட்டால் போதும்.

வேலை முடிந்த அன்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அணிலை நகர்த்துவது அவள் ஒருத்தியின் உரிமை. நான் பார்க்க மாட்டேன், கேட்கவும் மாட்டேன். அவள் அணிலைப் பதினோராம் பக்கத்தில் வைத்து மூடினாள்.

ஒப்பந்தத்தைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் அந்த அணில் என்னை எட்டிப் பார்த்தது, கை பரபரத்தது. மூன்று வாரம் ஒன்றும் நிகழவில்லை. சென்ற வாரம் நான் சமையலறையில் இருந்தபோது புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, திண்ணை என்றால் என்ன?" என்று கேட்டாள்.

நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. திண்ணை என்ற சொல்லை அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தாத்தா வீட்டு வாசலில் இருபுறமும் இருந்த திண்ணைகளைப் பற்றியும், வழிப்போக்கர் அங்கே படுத்துச் சென்றதைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுத் திரும்பப் படிக்கப் போனாள். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சகோதரிகள் ஊசியையும் நூலையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளுக்கிடையே வரும் நீண்ட பகல் ஒரு முழு அணிலுக்குப் போதும். எத்தனை கோடு என்பதை மட்டும் குழந்தையைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.