கிருமி தரும் சோப்பும் நமது ஜில்லாவின் கழிவுப்பாகும்

மணிலாப் பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும் குடியானவர்கள், எண்ணெயும் நீரும் ஒன்று கூடாமையால் சிறிது சோப்பைக் கரைத்துச் சேர்ப்பது யாவரும் அறிந்ததே. சோப்பு ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும். ஆனால் கிணற்று நீர் கடினமாயுள்ள கிராமங்களில் அது திரிந்து, தெளிப்பானின் நுனியை அடைத்துவிடுகிறது.

இதே வேலையைச் செய்யும் வஸ்துக்களைச் சில பாக்டீரியாக்கள் தாமே உண்டாக்குகின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி தரும் ராம்னோலிப்பிட் அவற்றுள் முதன்மையானது. 1949-ஆம் ஆண்டிலேயே அது ஆராயப்பட்டது. நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ராம்னோலிப்பிட் சிறிதளவு சேர்ந்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது இலைமேல் முத்தாய் உருண்டு விழும் துளி படர்ந்து நனைக்கும். பின்னர் அவ்வஸ்து மண்ணில் எளிதில் மக்கியும் போகும்.

இத்தனை நன்மையிருந்தும் அது நமது கடைத்தெருவுக்கு வாராமைக்குக் காரணம் உண்டு. அதை மிகுதியாகத் தரும் கிருமி தீப்புண்ணிலும் நுரையீரலிலும் நோய் விளைவிப்பது. அன்றியும் தன் இனம் நெருங்கிக் கூடிய பின்னரே அவ்வஸ்துவைச் சுரக்கும் சுபாவமுடையது. ஆகவே விஞ்ஞானிகள் அதற்குரிய மரபணுக்களைப் பிரித்தெடுத்து, நோய் விளைவிக்காத சூடோமோனாஸ் புட்டிடாவில் புகுத்தினர். 1990-களில் இது செய்து காட்டப்பட்டது. மரபணுவை இயக்கும் விசையையும் மாற்றிவிட்டால், கூட்டம் கூடுவதற்குக் காத்திராமல் சுரப்பு நடைபெறும். எவோனிக் என்னும் ஜெர்மானியக் கம்பெனி 2024-இல் ஸ்லோவாக்கியாவில் ராம்னோலிப்பிட் ஆலையொன்றைத் திறந்தது. அங்கே கிருமிக்கு இடும் தீனி மக்காச்சோளச் சர்க்கரை.

நாம் கவனிக்க வேண்டியது இந்தத் தீனியையே. ஆராய்ச்சிச்சாலைகளில் பெரிதும் வழங்கும் கே.டி. 2440 என்னும் புட்டிடா இனம் குளுக்கோஸை உண்ணும். கரும்பின் சர்க்கரையாகிய சுக்ரோஸை உண்ண அறியாது. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளையுடைய விழுப்புரம் ஜில்லாவில் கிடைக்கும் கழிவுப்பாகிலோ சுக்ரோஸே மிகுதி. சுக்ரோஸைப் பிளந்து உண்ணும் மரபணுக்களை வேறு பாக்டீரியாவிலிருந்து புட்டிடாவில் சேர்க்கக்கூடும் என்பது நிரூபிக்கப்பட்டதொன்று. லிட்டருக்கு இன்னும் எத்தனை கிராம் மகசூல் என்னும் போட்டியைவிட இந்தத் திருத்தமே நமக்கு அவசரமானது என்பது என் அபிப்பிராயம்.

தாவர எண்ணெயையே ஊட்டி மிகுந்த மகசூல் கண்டவர்களும் உளர். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நாட்டில் அது பொருந்தாத யோசனை. மணிலாப் பிண்ணாக்கு மாட்டுக்குரியது. அதிலும் கைவைக்க வேண்டா. கழிவுப்பாகும் சும்மா கிடப்பதன்று; சாராய ஆலைக்காரர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். லாபநஷ்டம் பார்ப்போர் அந்த விலையை மறைக்காமல் எழுத வேண்டும்.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றை ஊதிக் கிருமி வளர்க்கும் தொட்டியில் சோப்பும் உண்டானால் என்ன நேரும் என்பதைத் துணி துவைக்கும் எவரும் சொல்வர். தொட்டி பொங்கி வழியும். அதை அடக்கும் செலவு சிறிதன்று.

மரபணு மாற்றிய கிருமி வயலில் பரவிவிடுமே என்று அஞ்சுவோர்க்குப் பதில் சொல்லியாக வேண்டும். விதை கிலோவுக்கு 10 கிராம் வீதம் நாம் கலக்கும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் மாற்றப்படாத இனம். இதனோடு அதைக் குழப்பலாகாது. மாற்றிய கிருமியை நிலத்தில் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடிய தொட்டியில் வளர்த்து, கிருமியைக் கொன்று நீக்கி, வடித்த வஸ்துவை மட்டுமே வெளியே கொணர வேண்டும். அதற்கும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெறுதல் அவசியம்.

1940-இல் டி.எம்.வி. 2 மணிலாவைத் தந்தது திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் கிருமி வளர்க்க வேண்டியதில்லை. அது கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்க வேலை. வடித்த வஸ்துவைப் பெற்று, வேப்பெண்ணெயோடு கலந்து, மானாவாரியிலும் இறவையிலும் இலைப்புள்ளி கண்ட பயிர்மீது தெளித்து, பக்கத்துப் பாத்தியில் சோப்புக் கலவையையும் தெளித்துப் பார்க்கலாம். கடினநீரிலும் ஒரு பரீட்சை வேண்டும். முடிவை வெளியிடும்போது, ஏக்கருக்கு இரண்டுக்கும் ஆன செலவை ரூபாய்க் கணக்கில் பக்கத்தில் பக்கமாகக் காட்டுவார்களாக.