நெம்புகோலும் விரலுணர்வும்
சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் அமெரிக்கக் குறிசுடுநர்கள், வெடிமருந்துக்குத் தீயூட்டும் சிறு உலோகக் கிண்ணமாகிய பிரைமரைக் கூட்டின் அடிக்குழியில் அழுத்திப் பொருத்த, மேசையில் பிணைக்கும் நெம்புகோல் கருவியை வாங்கும்போது வேகத்தையே முதலில் கணக்கிடுவது பிழையாகும். பிரைமர், கூட்டின் அடிப்பரப்புக்கு ஏறக்குறைய 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே அமர வேண்டும் என்பதாலும், துருத்தி நின்றால் சிலவகைத் துப்பாக்கிகளில் விசையை இழுக்குமுன்பே வெடிக்கக்கூடும் என்பதாலும், அது குழியின் அடியைத் தொடும் நொடியை விரலுக்கு உணர்த்துவதே நல்ல கருவியின் முதல் இலக்கணம். நீண்ட நெம்புகோல் கைவலியைக் குறைத்தாலும் அந்த நுண்ணுணர்வை மழுங்கடிக்கலாம். ஆகவே உணர்வைக் காப்பதோடு, பிரைமர்களை வைக்கும் தட்டுக்கும் முகத்துக்கும் இடையே பாதுகாப்புத் தடுப்பும் கொண்ட கருவியே கொடுத்த விலைக்குத் தகும்.