பூகம்பமும் கணக்கும்

அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியாவில், சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவின்மேல் பார்க்பீல்டு என்றோர் சிற்றூர் உளது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய ஒத்த பூகம்பங்கள் நிகழ்ந்தன. சராசரி 22 ஆண்டெனக் கண்ட நிபுணர், அடுத்தது 1993-க்குள் வருமெனக் கணித்துக் கருவிகளை நாட்டிக் காத்திருந்தனர். அதுவோ 2004 செப்டம்பர் 28-ஆம் தேதியிலேதான் வந்தது. 1966-இல் தென்கிழக்கு நோக்கி ஓடிய வெடிப்பு, இம்முறை வடமேற்கு நோக்கி ஓடிற்று. அளவு மாத்திரமே எதிர்பார்த்தபடி 6 ஆயிற்று.

வெடிப்பு ஓடுந் திசையிலுள்ள ஊர்களே பெரும்பாலும் மிகுதியாய்க் குலுங்கும். ஆதலால் திசை மாறுதல் சிறு வேற்றுமையன்று. இதுகொண்டு கணக்கே வீணென்றல் தகாது. சென்றமுறை போலவே மறுமுறையும் என்று சாதிக்குங் கணக்கினும், காலமும் திசையும் மாறக்கூடுமென எல்லையை விரித்துரைக்குங் கணக்கே நேர்மையுடைத்து. வீடும் பாலமும் அமைப்போர் அதனையே கைக்கொள்வாராக.